எகிப்துக் குடியானவனின் ஈரலைத் தின்றது யார்?

ஏழைக்கு நோய் வந்தால் அதற்கு ஏழையேதான் காரணம் என்பது பணம் படைத்தவர்களின் பழைய பாட்டு. அவன் அசுத்தமாக இருக்கிறான், அவனுக்கு அறிவு போதாது, மூட நம்பிக்கையில் மூழ்கிக் கிடக்கிறான், ஆகவே நோய் வருகிறது என்கிறார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் நிலச்சுவான்தாருக்குப் பொறுப்பில்லை; ஆலையதிபருக்குப் பொறுப்பில்லை; மருந்துக் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் பொறுப்பில்லை. பழி முழுவதும் நோயாளியின் தலையில்!

இந்தப் பாட்டு எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு ஒரு நாட்டின் கதையை உழைப்பாளி மக்கள் முன் வைக்கிறோம். நாடு எகிப்து. நோய் ‘ஹெபடைடிஸ் சி’ என்ற ஈரல் நோய்.

2008ஆம் வருஷம் எகிப்து முழுவதும் ஜனங்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 15 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இந்தக் கிருமி உடலில் புகுந்த அடையாளம் இருந்தது. நூற்றுக்குச் சுமார் 10 பேரின் உடலில் கிருமி உயிரோடு இருந்தது. அன்று உலகத்தில் வேறெந்த நாட்டையும்விட இது அதிகம். அதிலும் நகரத்தில் நூற்றுக்கு 10 பேரிடம் அடையாளம் என்றால், கிராமத்தில் 18 பேரிடம். கிழவர்களிடம் மிக அதிகம், இளைஞர்களிடம் குறைவு.

ஏன் எகிப்து? ஏன் கிராமம்? ஏன் வயதானவர்கள்? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே விடைதான் உண்டு. அந்த விடையைக் கேட்டால் எந்த உழைப்பாளியின் இரத்தமும் கொதிக்கும்.

சத்தமில்லாமல் வரும் சாவு

முதலில் இந்த நோய் என்ன என்று பார்ப்போம். இது சாப்பாட்டால் வருவதில்லை, குடிநீரால் வருவதில்லை. தொட்டால் ஒட்டுவதில்லை, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டுவதில்லை. இரத்தத்தோடு இரத்தம் கலந்தால்தான் தொற்றும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் வரும். சோதிக்காத இரத்தத்தை ஏற்றினால் வரும். சரியாகச் சுத்தம் செய்யாத பல் வைத்தியக் கருவியால் வரும். சவரக்கத்தியாலும், பச்சை குத்தும் ஊசியாலும் வரக்கூடும்.

உடலில் புகுந்த கிருமி பெரும்பாலோரிடம் சத்தம் காட்டுவதில்லை. பலருக்கு மஞ்சள் காமாலைகூடத் தெரிவதில்லை. அவன் வயலுக்குப் போகிறான், ஆலைக்குப் போகிறான், கல்யாணம் செய்கிறான், பிள்ளை பெறுகிறான். இருபது, முப்பது வருஷம் உள்ளேயே இருந்து அது ஈரலை அரிக்கிறது. பிறகு ஒருநாள் வயிறு வீங்கி மகோதரம் காண்கிறது. இரத்த வாந்தி வருகிறது. சிலருக்கு ஈரலில் புற்று வைக்கிறது. அன்றைக்குத்தான் குடும்பத்துக்கு விஷயம் தெரிகிறது.

ஆகவே 2008ல் எகிப்தின் கிழவர்களிடம் கண்ட நோய் அந்த வருஷம் வந்ததல்ல. அது நாற்பது வருஷத்துக்கு முன்னே விதைத்த நோய். விதைத்தது யார்?

பருத்திக்காக வந்த தண்ணீர்

கதை பருத்தியில் தொடங்குகிறது. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு எகிப்துப் பஞ்சைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ‘கிசா’ என்ற நீண்ட இழைப் பஞ்சு நம் நாட்டு நூற்பாலைகளிலும் மெல்லிய நூலாக ஓடுகிறது. அந்தப் பஞ்சை விளைவித்தவன் ‘ஃபல்லாஹ்’ என்று அழைக்கப்படும் எகிப்துக் குடியானவன்.

பழைய காலத்தில் நைல் நதி வருஷத்துக்கு ஒரு முறை பெருகும். வயலெல்லாம் நிறைந்து வடியும். பிறகு நிலம் காயும். ஆனால் லங்காஷயர் ஆலைகளின் பசிக்கு இந்த ஒரு போகம் போதவில்லை. பருத்திக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டும். 1882ல் எகிப்தைப் பிடித்த பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் அணைகளைக் கட்டியது. வாய்க்கால்களை வருஷம் பூராவும் ஓட விட்டது. 1902ல் அஸ்வானில் முதல் அணை எழுந்தது. அதைப் பிறகு இரண்டு முறை உயர்த்தினார்கள். விளைச்சல் பெருகியது. பஞ்சு மூட்டைகள் கப்பல் ஏறின.

தண்ணீரோடு இன்னொன்றும் வந்தது. வற்றாத வாய்க்காலில் ஒரு வகை நத்தை பெருகியது. அந்த நத்தையில் வளரும் புழு, தண்ணீரில் நிற்கிறவனின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய், இரத்தக் குழாயில் குடியிருக்கும். சிறுநீரில் இரத்தம் போகும். உடல் சோகை பிடிக்கும். வருஷங்கள் சென்றால் மூத்திரப் பையில் புற்று வைக்கும். ‘பில்ஹார்சியா’ என்ற அந்த நோய் எகிப்துக்குப் பழையதுதான். ஆனால் அதை ஊர் ஊராகப் பரப்பியது வற்றாத வாய்க்கால். 1930களில் அஸ்வான் மாகாணத்தில் நான்கு இடங்களில் கணக்கெடுத்தார்கள். புதுப் பாசனம் வருவதற்கு முன் அங்கே நூற்றுக்கு 2 முதல் 11 பேருக்கு இந்நோய். வந்து மூன்றே வருஷத்தில் 44 முதல் 75 பேருக்கு!

பாசனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடியானவனுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் வாய்க்கால் வெட்டப் பணம் இருந்தவர்களுக்கு, அந்த வாய்க்காலில் இடுப்பளவு நிற்கிறவனுக்குக் கக்கூசு கட்டவும், நல்ல குடிநீர் கொடுக்கவும், நத்தையை ஒழிக்கவும் பணம் ஏன் இல்லை? லாபத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். புழுவைக் கிராமத்துக்கு விட்டுவிட்டார்கள். நாம் சொல்வது இதைத்தான்.

வரிசையில் நின்றவன் வாங்கிய நோய்

புழுவைக் கொல்ல அன்று இருந்த மருந்து ஆன்டிமனி என்ற உலோகத்தின் உப்பு. 1918ல் கார்ட்டூம் நகரில் அதன் பலனைக் கண்டார்கள். அதை மாத்திரையாக விழுங்க முடியாது. நரம்பில் ஊசியாகவே ஏற்ற வேண்டும். ஒரு ஊசி போதாது. வாரத்துக்கு ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு ஊசிகள். வாந்தி வரும், இருமல் வரும். இருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.

அந்நிய ஆட்சி போன பிறகு சர்க்கார் இந்தச் சிகிச்சையைப் பெரிய இயக்கமாக நடத்தியது. உலக சுகாதார ஸ்தாபனமும் துணை நின்றது. 1960கள் முதல் 1980களின் தொடக்கம் வரை வருஷத்துக்குச் சராசரி இரண்டரை லட்சம் பேருக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. நோக்கம் நல்லது. அதை நாம் மறுக்கவில்லை. வெயிலில் நின்று ஊசி போட்ட நர்சையும் வைத்தியரையும் நாம் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் எப்படி நடத்தினார்கள்?

1964ல் அத்தகைய முகாம் ஒன்றைப் பார்வையிட்ட உலக சுகாதார ஸ்தாபனத்துக்காரர் எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. ஒரே வைத்தியர் ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் 500க்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்தார். ஒருவருக்கு ஐந்து விநாடி! கையில் சுழன்றவை சில கண்ணாடி ஊசிக்குழல்கள். குத்திய குழலை ஒரு தட்டில் போடுவார்கள். அலசி, ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, அடுத்த தட்டுக்கு அனுப்புவார்கள். அதே குழல் அடுத்தவன் கையில் ஏறும்.

இப்படித்தான் ஒருவனின் இரத்தம் ஊருக்கெல்லாம் போயிற்று. புழு போயிற்று, கிருமி வந்தது. பிற்காலத்தில் விஞ்ஞானிகள் பழைய சிகிச்சைக் கணக்கையும் புதிய நோய்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2000ஆம் வருஷம் ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். எங்கே ஊசி அதிகமோ அங்கே நோயும் அதிகம். எந்த வயதினருக்கு ஊசி அதிகமோ அந்த வயதினருக்கு நோயும் அதிகம். 1980களில் விழுங்கும் மாத்திரை வந்து, ஊசி நின்றது. அதன் பிறகு பிறந்தவர்களிடம் நோய் குறைவு.

“ஏழைக்கு அறிவில்லை, வைத்தியர் சொல் கேட்பதில்லை” என்று பாடுகிறவர்களை நாம் கேட்கிறோம். எகிப்துக் குடியானவன் வைத்தியர் சொல்லைக் கேட்டான்! வாராவாரம் வந்தான், வரிசையில் நின்றான், வாந்தியைப் பொறுத்துக்கொண்டு பன்னிரண்டு ஊசியும் போட்டுக்கொண்டான். ஒழுங்காக வந்தவனுக்குத்தான் ஆபத்து அதிகமாயிற்று. இதில் அவனுடைய அறியாமை எங்கே இருக்கிறது?

“தெரியாது” என்பது சாக்கு

“அப்போது சி கிருமியையே யாரும் கண்டுபிடிக்கவில்லையே” என்பார்கள். கிருமியை 1989ல்தான் கண்டார்கள் என்பது உண்மை. அந்த வேலைக்கு 2020ல் ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் ஆகிய மூவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் இரத்தத்தால் காமாலை பரவும் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். 1942ல் அமெரிக்க ராணுவத்தில், மனித இரத்த நீர் கலந்த மஞ்சள் ஜுரத் தடுப்பூசி போட்டதால் சுமார் 50,000 சிப்பாய்கள் காமாலையில் விழுந்தார்கள். அதே காலத்தில், ஒரே ஊசிக்குழலைப் பலருக்குப் போடுவதால் காமாலை பரவுகிறது என்று பிரிட்டிஷ் வைத்தியர்களும் எழுதினார்கள். சிப்பாயின் ஈரலுக்கு ஆபத்து என்றதும் விழித்துக்கொண்ட விஞ்ஞானம், குடியானவனின் ஈரல் என்றதும் ஏன் தூங்கியது? குறைந்த செலவில் அதிகக் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் குழலும், இன்னும் கொஞ்சம் கொதிநீரும், இன்னும் நாலு நர்சும் அதிகப்படியாகத் தோன்றின. ஏழைக்குக் கொடுப்பது எதுவானாலும் அரைகுறையாகக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம்தான் அந்தக் கிருமியைவிடப் பெரிய கிருமி.

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்!

இனி கதையின் அடுத்த கட்டம். பல வருஷம் இதற்கு இருந்த மருந்து ‘இன்டர்ஃபெரான்’ என்ற ஊசி. பெரும்பாலும் 48 வாரம் போட வேண்டும், ஆளை உலுக்கிவிடும், அப்படியும் பாதிப் பேருக்குத்தான் குணம். பிறகு விஞ்ஞானம் அற்புதம் செய்தது. ‘சோஃபோஸ்புவிர்’ என்ற மாத்திரை வந்தது. மற்றொரு மாத்திரையோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் விழுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் அடியோடு போய்விடும்!

அதைக் கண்டது ‘ஃபார்மாசெட்’ என்ற சிறு கம்பெனி. ‘கிலியட்’ என்ற அமெரிக்கக் கம்பெனி 1,100 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிற்று. 2013 டிசம்பரில் மருந்து கடைக்கு வந்தது. விலை என்ன? 84 மாத்திரைக்கு 84,000 டாலர்! அன்றைய மதிப்பில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல்!

“ஆராய்ச்சிக்குச் செலவாயிற்றே” என்று கம்பெனியின் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். இந்த மருந்தை மொத்தமாகத் தயாரித்தால் பன்னிரண்டு வாரத்துக்கு 68 முதல் 136 டாலர்தான் அடக்கமாகும் என்று லிவர்பூல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2014ல் கணக்கிட்டார்கள். கண்டுபிடித்த கம்பெனியே 36,000 டாலர் விலையைத்தான் மனத்தில் வைத்திருந்தது. வாங்கிய கம்பெனி அதை இரட்டிப்புக்கும் மேலாக்கிற்று. 2014 ஒரே வருஷத்தில் இந்த நோய்க்கான மருந்துகளை 1,200 கோடி டாலருக்கு மேல் விற்றது. கம்பெனியை வாங்கக் கொடுத்த முழுத் தொகையைவிட இது அதிகம்!

இது நம் குற்றச்சாட்டு மட்டுமல்ல. அமெரிக்க செனட் நிதிக் குழுவின் இரு கட்சி உறுப்பினர்கள் நடத்திய விசாரணை, 2015 டிசம்பரில் இதையே சொல்லிற்று: ஜனங்களுக்கு என்ன நேரும் என்பதைப் பொருட்படுத்தாமல், வருமானத்தைப் பெருக்குவதற்காகவே விலை வைக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே பல ராஜ்ய சர்க்கார்கள் ஏழை நோயாளிகளிடம், ஈரல் நன்றாகக் கெட்ட பிறகு வா, அப்போது மருந்து தருகிறோம் என்றன. டாலர் நாட்டுத் தொழிலாளிக்கே இந்தக் கதி!

பிறகு கம்பெனி கருணை காட்டுவதாகச் சொல்லி, 2014 செப்டம்பரில் இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து 91 நாடுகளில் மலிவாக விற்க அனுமதித்தது. பிரேசிலும் சீனாவும் அந்தப் பட்டியலில் இல்லை. கறக்கிற பசு எது, கறக்க முடியாத பசு எது என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது!

எகிப்து காட்டியது

எகிப்து என்ன செய்தது? நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்கும் நாடு என்ற பலத்தைக் காட்டிப் பேரம் பேசியது. 2014ல் 84,000 டாலர் மருந்து 900 டாலருக்கு இறங்கியது. கம்பெனிக்கு அங்கே காப்புரிமை கிடைக்கவில்லை; உள்நாட்டு ஆலைகள் அதே மருந்தைச் செய்தன. 2018ஐ ஒட்டி, ஒரு நோயாளிக்குச் சர்க்காருக்கு ஆன மருந்துச் செலவு சுமார் 45 டாலர். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய் சொச்சம்!

2018 அக்டோபரில் நாடு முழுவதும் பரிசோதனை தொடங்கிற்று. ஏழு மாதத்தில் ஏறத்தாழ ஐந்து கோடி ஜனங்களுக்கு விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நோய் கண்டவர்களுக்கு மருந்து இலவசம். சிகிச்சை முடிந்து, பலன் தெரியவந்தவர்களில் நூற்றுக்கு 98க்கும் மேற்பட்டோர் குணமானார்கள். 2023 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம், இந்நோயை ஒழிக்கும் பாதையில் ‘தங்க நிலை’ எட்டிய முதல் நாடு என்று எகிப்துக்குச் சான்று கொடுத்தது.

இதற்காக அந்நாட்டு ஆட்சியாளருக்கு நாம் மாலை போடவில்லை. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளைக் கைது செய்த ஆட்சி அது. செலவில் ஒரு பங்கு உலக வங்கிக் கடன். அந்தக் கடனையும் உழைப்பாளிதான் அடைப்பான். ஆனால் ஒன்று ருசுவாகிவிட்டது. “ஏழை நாட்டால் முடியாது” என்பது பொய். விலை என்பது மலையல்ல; மனிதன் வைத்தது, மனிதனால் இறக்க முடிந்தது. நோயாளி ஒவ்வொருவனும் தனியாகக் கடைக்குப் போனால் ஆயிரம் டாலர் மாத்திரை. நாடு முழுவதும் சேர்ந்து போனால் அரை டாலர் மாத்திரை. கூட்டாகக் கேட்பதன் பலம் என்ன என்பதைத் தொழிற்சங்கம் கண்ட எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

இது நமக்கும்தான்

எகிப்தோடு கதை முடியவில்லை. 2022 கணக்குப்படி உலகில் ஐந்து கோடி ஜனங்கள் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் தமக்கு நோய் இருப்பதே தெரியும். மருந்து கிடைத்தவர்கள் ஐந்தில் ஒருவர். இன்று இந்நோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு பாகிஸ்தான். அங்கேயும் மறுபடி மறுபடி குத்தும் ஊசிக்குழல்தான் முதன்மையான குற்றவாளி.

“ஜனங்கள்தான் ஊசி வேண்டுமென்று கேட்கிறார்கள்” என்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள்? நாட்கூலி வாங்குகிறவன் படுத்தால் அன்றைய சோறு போயிற்று. “ஒரு ஊசி போடுங்கள், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்” என்கிறான். போடுகிறவருக்கு ஊசிக்கு ஒரு காசு. ஒருபுறம் கூலி போகுமென்ற பயம், மறுபுறம் காசு ஆசை. இந்த இரண்டுக்கும் நடுவில் பழைய ஊசி புகுந்துகொள்கிறது. நோய் நாளுக்குச் சம்பளம் கிடைக்கும் தொழிலாளி ஊசிக்கு இவ்வளவு அலைவானா?

வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கும், எகிப்துப் பிள்ளைகளுக்கும் ஒரே சோதனைதான். இரத்தத்தில் ‘சி’ இருந்தால் விசா இல்லை. தொட்டால் ஒட்டாத நோய்க்கு, மாத்திரையில் தீரும் நோய்க்கு, பிழைப்பே போகிறது!

நம் நாட்டில் 2018 ஜூலை 28 அன்று தேசிய ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. அதன்படி சோதனையும் மருந்தும் இலவசம். காகிதத்தில் உள்ள உரிமையைக் கையில் வாங்குவது நம் வேலை. ஆகவே உழைப்பாளிகள் கேட்க வேண்டியவை இவை:

1. ஊசி போடும் இடமெல்லாம், நம் கண்ணெதிரே உறை பிரித்த புதுக் குழல். ஒரு முறைக்கு மேல் இயங்காத குழலே எங்கும் வேண்டும். மாத்திரை போதுமான நோய்க்கு ஊசி வேண்டாம்.

2. ஆலை வாசலிலும் கிராமத்திலும் இலவச இரத்தப் பரிசோதனை. முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகத்துக்காக இரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர்கள், பல ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆகியோருக்கு முதலில்.

3. நோய் கண்டவரை வேலையிலிருந்து விலக்கக்கூடாது. சிகிச்சை நாட்களுக்குச் சம்பளம்.

4. மருந்து விலையைக் கம்பெனி லாபம் தீர்மானிக்கக்கூடாது. உயிர் காக்கும் மருந்துக்குக் காப்புரிமை தடையாக நிற்குமானால், சட்டத்தில் உள்ள கட்டாய லைசென்ஸ் அதிகாரத்தைச் சர்க்கார் பயன்படுத்த வேண்டும்.

எகிப்துக் குடியானவன் ஊருக்கு உடுப்பு கொடுக்கப் பருத்தி விளைவித்தான். அதற்குக் கூலியாகப் புழுவை வாங்கினான். புழுவுக்கு மருந்தாகக் கிருமியை வாங்கினான். கிருமிக்கு மருந்து கேட்டபோது ஆயிரம் டாலர் சீட்டை நீட்டினார்கள். அவன் ஈரலைத் தின்றது விதியல்ல, அசுத்தமல்ல, அறியாமையல்ல. அவன் உழைப்புக்கு மதிப்பு வைத்து, அவன் உயிருக்கு மதிப்பு வைக்காத ஏற்பாடுதான் தின்றது.

அந்த ஏற்பாடு நம் ஊர் ஊசியிலும், நம் ஊர் மருந்துக் கடையிலும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். புதுக் குழலைக் கேளுங்கள்! சோதனையைக் கேளுங்கள்! மருந்தைக் கேளுங்கள்! தனியாக அல்ல, சேர்ந்து கேளுங்கள்!